ஒட்டுப்பட்டை, ஒரு ஜோடி

கழகத்தின் பொருளாளர் நான்.
கவிதை எழுதுகிற ஆள் இல்லை.
இது செங்காங் மைதானத்தில்
ஜூலை முதல் ஞாயிறு நடக்கும்
அறுவர் ஹாக்கியின் கணக்கு.

வரவு:
அணிக்கு நூற்றிருபது வெள்ளி, முப்பத்திரண்டு அணிகள்.
ஈசூன் பையன்கள் மட்டும் இன்னும் பாக்கி.
கேட்டால், "பேநவ் பண்றேன் அக்கா" என்று சிரிப்பார்கள்.
கறிபாப் விற்றது நானூற்றுப் பதினெட்டு.
மழைக்கு ஒதுங்கியவர்கள் குடித்த பண்டோங்
அறுபத்தேழரை.
உண்டியலுக்குள் மலேசியப் பத்து ரிங்கிட் ஒன்று,
சட்டைப் பொத்தான் ஒன்று.
பொத்தானையும் எழுதிவைத்தேன்.

செலவில் முதல் பெயர் ஹஸிக்கா.
வலப்பக்கம் ஆடியவள். பத்தொன்பது வயது.
எலும்புக்குள்ளேயே ரத்தம் கெட்டபோது
தீவு முழுக்கத் தேடினோம்,
பொருந்துகிறவர் ஒருவரும் கிடைக்கவில்லை.
இப்போது முதல் ஆட்டத்துக்கு முன்னால்
அணி அணியாக வரிசையில் நின்று
பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவிக் கொடுக்கிறார்கள்.
பல்காப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
வாய் திறக்கிறார்கள், குருவிக்குஞ்சுகள் மாதிரி.
அவளுடைய அப்பா லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து
மேசைகளை விரிப்பார். மாலையில் மடிப்பார்.
பேசமாட்டார்.

அடுத்தது கவினேஷ்.
கோல்காவலன். பதினேழு.
பந்து அவன்மேல் படவே இல்லை,
மறுகோடியில் இருந்தது.
நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.
கம்பத்தில் சாய்ந்து நின்றவன் சரிந்து உட்கார்ந்தபோது
ஓய்வெடுக்கிறான் என்று நினைத்தோம்.
ஒன்பது நிமிடம்.
நான் எண்ணியது இல்லை, அறிக்கை எண்ணியது.
கவசத்தின் வார்களை அவிழ்க்கவே
அதில் பாதி போயிற்று.

அதனால்தான் அந்தப் பெட்டி.
நின்ற இதயத்தை உதைத்து எழுப்பும் பெட்டி.
கழகம் வாங்கிய ஒன்பதும்
புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கி ஓரமாய்,
கண்ணாடிக்குள் இருக்கின்றன.
மாதம் ஒருமுறை வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன்.
பச்சை விளக்கு சிமிட்டினால் சரி.
ஒன்பது பச்சையையும் குறித்துக்கொண்டு
கோப்பிக்கடையில் ஒரு தே-சி குடித்துவிட்டு வீடு திரும்புவேன்.
யாரும் திறக்காத பெட்டிகளுக்கு
நன்றி சொல்லப் பழகியிருந்தேன்.

மார்ச்சில் ஏழாவது பெட்டி திறந்தது.
திரு. கோ, டாக்சி ஓட்டுபவர், அறுபத்தெட்டு.
ரொட்டி வாங்கக் கீழே இறங்கியவர்.
துப்புரவுக்கு வந்த செல்லப்பாண்டிக்கு
ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாது.
"பெட்டி இங்கிலீஷ்ல பேசுச்சு அக்கா,
நான் படத்தப் பார்த்துச் செஞ்சேன்" என்றான்.
துடைப்பத்தை அவன் இன்னும் விடவில்லை.

செலவு: ஒட்டுப்பட்டை, ஒரு ஜோடி.
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.

இளம் வீரர்கள் பெயரில் திரட்டிய நிதி ஆயிற்றே
என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
குளிர்சாதனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரசீதைக் கவினேஷின் அம்மா பானுரேகா
கண்ணாடி போட்டுப் படித்தார்.
"பொழச்சாரா?"
பதினோரு நாள், என்றேன்.
பெர்த்திலிருந்து மகள் வந்து சேர அது போதுமாக இருந்தது.
ஒருநாள் கஞ்சி குடித்தாராம்.
உப்பு இல்லை என்று
மகளோடு சண்டைகூடப் போட்டாராம்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.
பத்துக்கு மேல் மடக்க விரல் இல்லை.
"பதினொண்ணு," என்றார்.
"ஒரு டீம்."

பிறகு பர்சைத் திறந்து
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளியை
இரண்டுமுறை எண்ணி மேசையில் வைத்தார்.

இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது
என்று எனக்குத் தெரியவில்லை.
நன்கொடை என்று எழுதி அடித்தேன்.
பாக்கி வசூல் என்று எழுதி, அதையும்.
தணிக்கை அடுத்த வாரம்.
இப்போதைக்கு
அந்தப் பொத்தான் கிடக்கிற உறைக்குள்
போட்டு வைத்திருக்கிறேன்.